பிரிந்த பிறகும் ஓடும் கடன்: மற்றவரின் பங்கை எப்படித் திரும்ப வாங்குவது

நானும் என் கணவரும் பிரிந்தபோது எங்கள் இருவர் பெயரிலும் 600,000 ரூபாய் வங்கிக் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாதத் தவணை 17,625 ரூபாய், மொத்தம் 48 தவணை. அதில் 14 முடிந்திருந்தது. அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். என் சம்பளம் அதே வங்கிக்கு வருவதால் 15 ஆவது தவணையும் வழக்கம்போல என் கணக்கிலிருந்தே வெட்டுப்பட்டது. 16 ஆவதும் அப்படித்தான். "அடுத்த மாதம் தாறேன்" என்று அவர் சொன்ன வார்த்தையை நம்பி ஒன்றரை வருடம் இருந்தேன். கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

இப்போது ஹட்டன், கொட்டகலைப் பக்கத்திலிருந்து பெண்களும் சில ஆண்களும் இதே கதையோடு என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான், இலங்கைச் சட்டத்தை வைத்து, இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. நீதிமன்றம் வரை போகிற நிலை வந்தால் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அவரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்தான் அதிகம். அவற்றை நாமே செய்யலாம்.

முதலில்: எதில் கையொப்பம் போட்டீர்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள். வங்கிக்குப் போய்க் கடன் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள். அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து வரிவரியாகக் கேளுங்கள்.

இருவரும் சேர்ந்து கடன் எடுத்திருந்தால், அநேகமாக எல்லா வங்கிப் படிவத்திலும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். முழுக் கடனையும் உங்கள் ஒருவரிடமே கேட்க வங்கிக்கு உரிமை உண்டு என்பதுதான் அதன் பொருள். "நான் என் பாதியைக் கட்டிவிட்டேன், மீதியை அவரிடம் கேளுங்கள்" என்று வங்கியில் சொல்ல முடியாது. ஆனால் அது உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள விஷயம். உங்கள் இருவருக்கும் இடையில், உங்கள் பங்குக்கு மேல் நீங்கள் கட்டியதை மற்றவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேறு பேச்சு எதுவும் இல்லாவிட்டால் கணக்குச் சமபங்கிலிருந்துதான் தொடங்கும்.

நீங்கள் பிணைக்கு மட்டும் கையொப்பம் போட்டு, அவர் கட்டாமல் விட, நீங்கள் கட்டியிருந்தால் உங்கள் நிலை இன்னும் பலமானது. நீங்கள் கட்டிய முழுத் தொகையையும் அவரிடம் கேட்கலாம். உங்களோடு இன்னொருவரும் பிணை நின்றிருந்தால், அவரிடமிருந்தும் ஒரு பங்கு கேட்க வழியுண்டு.

சிக்கலானது மூன்றாவது வகை. நம் பக்கத்தில் அதுதான் அதிகம். கடன் உங்கள் பெயரில் மட்டும் இருக்கும், பணம் போனது அவருக்கு. சம்பளச் சிட்டை இருப்பவர் பெயரில் எடுத்து, ஆட்டோவுக்கு முற்பணம் கட்டியிருப்பார்கள், தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், மாமியார் வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டிருப்பார்கள். பெண்கள் குழுக் கடனும் பெரும்பாலும் இப்படித்தான். வங்கியின் கண்ணில் கடன்காரர் நீங்கள் மட்டும்தான். பணத்தை அவர் வாங்கினார், திருப்பித் தருவதாகச் சொன்னார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

அடகு வைத்த நகையும் இதே வகைதான். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, எப்போது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்று இன்றைக்கே பாருங்கள். சண்டை முடியட்டும் என்று காத்திருந்தால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

கலியாணம் பதிவு செய்யவில்லை, சேர்ந்து வாழ்ந்தோம், அதனால் கேட்க உரிமை இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தவறு. கடன் என்பது பணக் கொடுக்கல் வாங்கல். அதற்குக் கலியாணப் பத்திரம் தேவையில்லை. இன்னொரு குழப்பம் தேசவழமை பற்றியது. அது வட மாகாணத் தமிழருக்கான சட்டம். மலையகத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான். அதன்படி மனைவியின் சொத்து மனைவிக்கு, கணவனின் சொத்து கணவனுக்கு. மனைவி என்பதற்காக மட்டும் கணவனின் கடன் உங்கள் தலையில் விழாது. கையொப்பம் போட்டிருந்தால்தான் விழும்.

உங்கள் பெயரில் என்னென்ன கடன், எங்கெங்கே பிணை இருக்கிறது என்று தெரியவில்லையா? கிரிப் என்று சொல்கிற கடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். தனக்குத் தெரியாமல் நான்கு வருடமாகப் பிணை நின்ற ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். படிவத்தை வாசிக்காமல் கையொப்பம் வைத்திருந்தாள்.

தவணையை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் எல்லோருக்கும் முதலில் வரும் எண்ணம் இதுதான். எனக்கும் வந்தது. நிறுத்தினால் தண்ட வட்டி ஏறும், கிரிப்பில் உங்கள் பெயரும் கெடும், நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கல்விக் கடன் கூடக் கிடைக்காது. அவருக்கு நட்டம் வருமோ வராதோ, உங்களுக்கு நிச்சயம் வரும். கட்டவே முடியவில்லை என்றால் தவணை தவறுவதற்கு முன்பே முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க வங்கிகளில் வழி இருக்கிறது. பெயரை நீக்கச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வேறு பிணையோ புதுக் கடனோ இல்லாமல் வங்கி லேசில் சம்மதிக்காது.

லீசிங் வாகனம் என்றால் இன்னும் கவனம் தேவை. தவணை விட்டுப்போனால் வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். விற்ற காசு போதாவிட்டால் மீதியை உங்களிடம்தான் கேட்பார்கள். வாகனம் அவரிடம், ஒப்பந்தம் உங்கள் பெயரில் என்ற நிலை இருந்தால், அவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கம்பனியில் இருவருமாகப் போய்க் கேட்பதுதான் முதல் வேலை.

பணத்தைக் கையில் கட்டாதீர்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் பெயரில் போக வேண்டும். பிறகு "நான்தான் காசு கொடுத்தனுப்பினேன், அவள் வங்கியில் கட்டினாள்" என்று அவர் சொன்னால் மறுக்க அதுதான் ஆதாரம்.

ஆதாரம் சேர்ப்பது

ஒரு ஃபைல் வாங்குங்கள். அதில் கடன் ஒப்பந்தப் பிரதி, கடன் பணம் கணக்கில் விழுந்த நாளின் வங்கிக் கூற்று, அன்றைக்கோ அடுத்த நாளோ அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கான சான்று, பிரிந்த பிறகு நீங்கள் கட்டிய ஒவ்வொரு தவணையின் பற்றுச்சீட்டு, இவையெல்லாம் திகதி வரிசையில் இருக்க வேண்டும். இதில் மிக முக்கியமானது பணம் எங்கே போனது என்பது. ஆட்டோ முற்பணத்துக்கு வாகனக் கடை கொடுத்த சீட்டு, தகரம் வாங்கிய ஹாட்வெயார் பில், முகவருக்குக் கட்டிய காசுக்கு ரசீது, எதுவாக இருந்தாலும் தேடுங்கள். பழைய பில் இல்லாவிட்டால் கடையில் போய்க் கேளுங்கள். கணக்குக் கொப்பியில் பெயர் இருந்தால் ஒரு பிரதி தருவார்கள்.

அப்புறம் போன். நம் ஆட்கள் அதிகம் இழப்பது இங்கேதான். கோபத்தில் நம்பரை அழித்து, வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட செய்திகளையும் ஆதாரமாகக் காட்ட இடமுண்டு. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் இருக்கிற 'Export chat' மூலம் முழு உரையாடலையும் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். குரல் செய்திகளையும் சேர்த்து எடுங்கள். அந்தப் போனை விற்கவும் வேண்டாம். "லோன் காசு கொஞ்சம் பொறு, கொழுந்துச் சம்பளம் வந்ததும் போடுறேன்" என்று அவர் அனுப்பிய ஒரு வரி, பத்துச் சாட்சியை விடப் பெறுமதியானது.

உங்களிடம் அப்படி எதுவும் இல்லையா? அப்படியென்றால் இன்னும் பேச்சு இருக்கும்போதே ஒன்றை உருவாக்குங்கள். சண்டைக்குப் போகாமல், அமைதியாக ஒரு செய்தி அனுப்புங்கள். நான் இப்படி எழுதினேன்:

"நம்ம ரெண்டு பேரும் எடுத்த லோன்ல நீங்க போன பிறகு இதுவரை 18 தவணை நான் கட்டியிருக்கேன். உங்க பாதி 158,625 ரூபாய் வருது. எப்போ எப்படித் தரலாம்னு சொல்லுங்க."

"அவ்வளவு ஒரேயடியா முடியாது, மாதம் மாதம் பாக்கிறேன்" என்று பதில் வந்தது. கடனை அவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு என் கையில் கிடைத்த முதல் சான்று அதுதான். திட்டி எழுதியிருந்தால் திட்டுத்தான் பதிலாக வந்திருக்கும்.

தொகையைச் சரியாகக் கணக்குப் பாருங்கள்

பேச்சுவார்த்தை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். என் கடனையே எடுத்துக்கொள்வோம். பிரிந்தபோது மீதி 34 தவணை. 34 தரம் 17,625 என்றால் 599,250 ரூபாய். பாதியைக் கொடுங்கள் என்று நான் கேட்டால் 299,625. ஆனால் அன்றைக்கே கடனை முடிப்பதென்றால் வங்கிக்குக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 467,000 தான். ஏனென்றால் மீதித் தொகையில் இன்னும் ஓடாத மாதங்களின் வட்டியும் சேர்ந்திருக்கிறது. முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே கேள்வி இதுதான்: அவர் ஒரே தொகையாகத் தருகிறாரா, மாதா மாதம் தருகிறாரா? ஒரே தொகை என்றால் முடிக்கும் தொகையின் பாதி, சுமார் 233,500. மாதா மாதம் என்றால் தவணையின் பாதி, 8,812.50. இரண்டையும் குழப்பினால் "நீ கூடக் கேட்கிறாய்" என்று அவர் எழுந்து போக ஒரு காரணம் கிடைத்துவிடும். வங்கியிடமிருந்து அன்றைய நிலுவையை எழுத்தில் வாங்கிக்கொண்டே பேசப் போங்கள்.

பாதிதான் நியாயமா என்பதையும் யோசியுங்கள். எங்கள் 600,000 இல் 400,000 ஆட்டோவுக்கும் 150,000 அவருடைய அம்மா வீட்டுக்கும் போனது. நான் எடுத்தது 50,000. பயன்பட்ட கணக்கில் பார்த்தால் அவர் பங்கு பாதியை விட மிக அதிகம். அதைக் கேட்கும் தெம்பு அப்போது எனக்கு இருக்கவில்லை. உங்களிடம் சீட்டு இருந்தால் கேளுங்கள். கூடவே, அவர் கட்டிய தவணைகளையும் ஒளிக்காமல் கழியுங்கள். பொய்க் கணக்கு ஒன்று பிடிபட்டால் உங்கள் மெய்க் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிள்ளைச் செலவை இதற்குள் கொண்டுவராதீர்கள். தாபரிப்புப் பணம் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கும் தனி விஷயம். "லோனுக்குத் தாறேன், பிள்ளைக்குக் கேட்காதே" என்று அவர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

கால எல்லை

எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் வருந்துவது இதைப் பற்றித்தான். வழக்குப் போடக் கால எல்லை வைக்கும் சட்டம் 1871 இலிருந்தே இங்கே இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அது மீறப்பட்டதிலிருந்து 6 வருடம். எழுத்தில்லாத கடனுக்கும், இன்னொருவருக்காக நீங்கள் கட்டிய பணத்துக்கும் 3 வருடம்தான். "அடுத்த தீபாவளிக்குத் தாறேன்" என்று மூன்று தீபாவளி போய்விட்டால் முதலில் கட்டிய தவணைகள் கைநழுவத் தொடங்கும். வாய்ப் பேச்சில் ஒப்புக்கொண்டால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்காது. அவர் கையொப்பமிட்ட எழுத்து, அல்லது அவர் கடனில் ஒரு பகுதியைச் செலுத்தியது, இவைதான் உதவும். அதனால் அவர் 2,000 ரூபாய் தந்தாலும் வாங்குங்கள். வங்கி மூலம் போடச் சொல்லுங்கள்.

பேசி, எழுதி வாங்குவது

தோட்டத்தில் இப்படியான விஷயம் முதலில் பெரியவர்களிடம்தான் போகும். தலைவர், கோயில் கமிட்டிக்காரர், இரு பக்கத்து மாமாமார். அதில் தவறில்லை. என் விஷயத்திலும் அவருடைய பெரியப்பா சொன்னதைத்தான் அவர் கேட்டார். ஆனால் பேசி முடித்து, டீ குடித்துவிட்டுக் கலைந்து போகக் கூடாது. அங்கேயே எழுதி வாங்குங்கள். முன்பே எழுதிக்கொண்டு போவது நல்லது:

"இன்ன வங்கியில் இன்ன திகதியில் நாங்கள் இருவரும் எடுத்த கடனில், என் பங்காக ரூபா ... ஐ இன்னார் கட்டியிருப்பதை ஏற்றுக்கொள்கிறேன். இத்தொகையை ஒவ்வொரு மாதமும் 15 ஆம் திகதிக்கு முன் ரூபா ... வீதம் இன்ன வங்கிக் கணக்கில் செலுத்துவேன். இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் மீதி முழுவதையும் உடனே செலுத்தச் சம்மதிக்கிறேன்."

கீழே இருவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், திகதி. இரண்டு சாட்சிகள், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவர். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கட்டும். அவர் சத்தியக் கடதாசியாக எழுதிச் சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிடச் சம்மதித்தால் இன்னும் நல்லது. மிரட்டியோ பத்துப் பேரைச் சுற்றி நிற்க வைத்தோ கையொப்பம் வாங்காதீர்கள். அது பிறகு உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

கேட்டுத் தராவிட்டால் பதிவுத் தபால். தொகை, கணக்கு விபரம், 14 நாள் அவகாசம், இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். இங்கே நமக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. லயத்தில் பல வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போய், அங்கிருந்து யாரோ கையில் வரும். ஆகவே தோட்டம், டிவிஷன், லய இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லாவற்றையும் எழுதுங்கள். வேலை செய்யும் இடம் தெரிந்தால் இன்னொரு பிரதியை உறையில் மூடி அங்கே அனுப்புங்கள். அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். தபால் சீட்டை ஃபைலில் வையுங்கள்.

இணக்க சபை

மத்தியஸ்த சபையை நாம் இணக்க சபை என்போம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணத் தகராறை நீதிமன்றம் நேராக எடுக்காது, முதலில் இங்கே வர வேண்டும். அந்த எல்லை 2016 இல் 250,000 இலிருந்து 500,000 ரூபாய்க்கு உயர்ந்தது. இன்றைய எல்லையைச் சபையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் சொல்வார்கள். அநேகமாக வார இறுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும். செலவு மிகக் குறைவு. சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும்.

பயப்படாதீர்கள். ஃபைலைக் கொண்டுபோங்கள், ஒரு பக்கச் சுருக்கக் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள். அவர் யாரோடு போனார், மாமியார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் அன்றைக்கு வீட்டில் விட்டுவிடுங்கள். நான் முதல் நாள் அழுதே நேரத்தைக் கழித்துவிட்டேன், கணக்கைச் சொல்லவே இல்லை. இரண்டாவது தடவை காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். அதற்குள் 20 தவணை நான் கட்டியிருந்தேன், அவர் பாதி 176,250. மாதம் 10,000 வீதம் தருவதாகக் கையொப்பம் வைத்தார். இடையில் சில மாதம் தவறியது, ஆனாலும் வந்தது.

மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கட்டாயப்படுத்தவும் முடியாது. அவர் வரவே இல்லை, அல்லது சம்மதிக்கவில்லை என்றால் இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட அது வேண்டும்.

நீதிமன்றம்

கடன் தராததற்குப் பொலிஸில் முறைப்பாடு செய்தால் பெரும்பாலும் "இது சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்புவார்கள். மிரட்டல், அடி என்றால் அது வேறு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பிரிந்த துணையிடமிருந்தும் பாதுகாப்புத் தரும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கோ 119 க்கோ உடனே அழையுங்கள்.

பணம் கேட்கும் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். அவர் வசிக்கும் இடத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தம் நடந்த இடத்திலும் போடலாம். அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாலும், கடன் ஹட்டனில் எடுத்ததென்றால் அதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் இந்தக் கடனையும் முதல் நாளே சொல்லுங்கள். தீர்ப்பின்போது பணம், சொத்துப் பற்றியும் கட்டளை கேட்க இடமிருக்கிறது. கட்டணம் கட்ட வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். நீதிமன்றத்தில் தமிழில் பேசவும், நடப்பதைத் தமிழில் கேட்கவும் அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பதிலாகச் செயற்பட நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுக்கலாம்.

வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். தீர்ப்புக் கிடைத்தாலும் அவரிடம் எடுக்க ஏதாவது இருந்தால்தான் பணம் வரும். 60,000 ரூபாய்க்கு வழக்குப் போக வேண்டுமா என்று யாராவது கேட்டால், இணக்க சபையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிக்கத்தான் நான் சொல்வேன். இரண்டு, மூன்று லட்சம் என்றால், கையில் எழுத்தும் இருந்தால், போங்கள்.

ஃபேஸ்புக்கில் அவர் படத்தைப் போட்டுக் கடன்காரன் என்று எழுதாதீர்கள். ஆட்டோ ஸ்டாண்டில் போய்ச் சாவியைப் பறிக்காதீர்கள். இரண்டுமே உங்களை எதிராளியாக்கிவிடும்.

பணம் வரத் தொடங்கியதும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். கடைசித் தவணை முடிந்ததும், முழுத் தொகையும் கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். வங்கியிலும் கடன் முடிந்துவிட்டது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வைப்பில் வைத்திருந்த காசோலைகள், உறுதிப் பத்திரம், வாகனப் பதிவுப் புத்தகம் எதுவானாலும் கையோடு எடுத்து வாருங்கள். சில மாதம் கழித்து கிரிப் அறிக்கையை இன்னொரு தடவை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் பதிவாகியிருக்கவில்லை. வங்கிக்குக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள்.